ரீஜனைக் கூட்டினாலும் எஸ்878 ஏன் போவதில்லை?

கேள்வி: மெயின்ஃப்ரேமில் ஓடும் பேட்ச் கோபால் (COBOL) ப்ரோகிராம் ஒன்றில் டேபிளின் ஆக்கர்ஸை, அதாவது என்ட்ரிகளின் எண்ணிக்கையை, 50,000-லிருந்து 2,00,000 ஆக்கினோம். ஒரு என்ட்ரி 60 பைட். ஜாப் எஸ்878-10 (கேட்ட மெமரி கிடைக்கவில்லை) என்று அபெண்ட் ஆகிறது, அதாவது பாதியில் நின்றுவிடுகிறது. ஜாபுக்கான மெமரி வரம்பை ரீஜன்=0எம் என்று கொடுத்தும் அதேதான். கம்பைல் ஆப்ஷன் டேட்டா(24), அதாவது டேட்டா 24-பிட் முகவரிக்குள் இருக்கும். அதை டேட்டா(31) (31-பிட் முகவரி) ஆக்கினால், பழைய அசெம்ப்ளர் சப்ரொட்டீனை டைனமிக் கால் செய்யும் (ஓடும்போது ஏற்றி அழைக்கும்) இடத்தில் ஐஜிஇசட்0033எஸ் என்ற பிழை மெசேஜ் வருகிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் கணக்கு. 2,00,000 × 60 = 1,20,00,000 பைட், அதாவது 11.4 எம்பி. டேட்டா(24) இருப்பதால், டேபிள் இருக்கும் வொர்க்கிங்-ஸ்டோரேஜ் முழுவதும் 16 எம்பி லைனுக்குக் (24-பிட் முகவரி எட்டும் எல்லை) கீழேதான் கிடைத்தாக வேண்டும். அந்த 16 எம்பியிலும் சிஸ்டத்தின் பொதுப் பகுதிகள் போக, பெரும்பாலான தளங்களில் ஜாபுக்கு மிஞ்சுவது 8 முதல் 10 எம்பி. ரீஜன்=0எம் என்பது இருப்பதையெல்லாம் கொடு என்பதுதான், இல்லாத இடத்தை அது உண்டாக்காது. பழைய டேபிள் 2.9 எம்பியாக இருந்ததால் பிழைத்தது.

கீழே இடத்தைத் தின்பது டேபிள் மட்டுமல்ல. டேட்டா(24)-இல், ஃபைலை வரிசையாகப் படிக்க, எழுத உதவும் க்யூசாமின் பஃபர்களும் அங்கேதான். 27,920 பைட் ப்ளாக்கும் வழக்கமான 5 பஃபரும் என்றால் ஒரு ஃபைலுக்கு 1,39,600 பைட். பத்து ஃபைல் திறந்தால் 1.3 எம்பி போய்விடும். ஜாப் லாகில் ஐஇஎஃப்032ஐ மெசேஜைப் பாருங்கள்: விர்ட் என்பது லைனுக்குக் கீழே, எக்ஸ்ட் என்பது மேலே.

ஆக, டேபிள் மேலே போயே தீர வேண்டும். தடை அந்த அசெம்ப்ளர்தான். அது ஏமோட் 24, அதாவது 24-பிட் முகவரியில் ஓடுவது. முகவரியின் மேல் பைட்டைக் கண்டுகொள்ளாது. 12345678 என்ற ஹெக்ஸ் முகவரியைக் கொடுத்தால் 345678-ஐப் போய்த் தொடும். அந்த விபத்தைத் தடுக்கத்தான் ரன்டைம் ஐஜிஇசட்0033எஸ் போட்டு நிறுத்துகிறது. எரிச்சலாக இருந்தாலும் நல்ல மெசேஜ் அது. எவரோ ஒருகாலத்தில் இதைப் பார்த்துத்தான் டேட்டா(24) போட்டிருப்பார்.

அசெம்ப்ளரின் சோர்ஸ் கையில் இருந்தால் அதைச் சரிசெய்வதே நேர்வழி. எல்ஏ (LA) இன்ஸ்ட்ரக்ஷன் கொண்டு மேல் பைட்டைத் துடைக்கும் இடங்கள், முகவரியின் மேல் பைட்டில் ஃப்ளாக் வைக்கும் வழக்கம், பிஏஎல்ஆர் (BALR) இன்ஸ்ட்ரக்ஷன் வைத்துவிட்டுப் போகும் கண்டிஷன் கோடை நம்பும் கோடு ஆகியவற்றைத் தேடித் திருத்துங்கள். உள்ளே டிசிபி (ஃபைலின் கண்ட்ரோல் ப்ளாக்) இருந்தால், ப்ரோகிராம் ஏற்றப்படும் இடத்தைச் சொல்லும் ஆர்மோட் 24 அப்படியே இருக்கட்டும், ஏமோட் மட்டும் 31 ஆகட்டும். கோடைத் தொடாமல் பைண்டரில் (லோட் மாட்யூலை உருவாக்கும் ப்ரோகிராம்) ஏமோட் 31 என்று எழுதுவது லேபிளை மாற்றுவதுதான். அது எஸ்0சி4-இல்தான் (தவறான மெமரியைத் தொடும் அபெண்ட்) போய் நிற்கும்.

சோர்ஸ் தொலைந்திருந்தால் இடையில் ஒரு சின்ன கோபால் ப்ரோகிராமை வையுங்கள். முதன்மை ப்ரோகிராம் ரென்ட் (ரீ-என்ட்ரண்ட் ஆக்கும் கம்பைல் ஆப்ஷன்), டேட்டா(31). இடைப் ப்ரோகிராம் ரென்ட், டேட்டா(24). மேலிருந்து வரும் பாராமீட்டரை அது தன் வொர்க்கிங்-ஸ்டோரேஜுக்கு மூவ் செய்து, அசெம்ப்ளரை டைனமிக் கால் செய்து, விடையைத் திருப்பி மூவ் செய்யட்டும். ரன்டைம் ஆப்ஷனில் ஆல்31(ஆஃப்) (எல்லாமே ஏமோட் 31 அல்ல), ஸ்டேக்குக்கு பிலோ (லைனுக்குக் கீழே). லோக்கல்-ஸ்டோரேஜ் ஸ்டேக்கிலிருந்து வருவதால் பெரிய டேபிளை அதில் வைக்காதீர்கள். அசெம்ப்ளர் கேட்பது ஒரு ரெக்கார்டு என்றால்தான் இந்த வழி. முழு டேபிளையே கேட்டால் அதைத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

டேட்டா(31) போட்டும் டேபிள் கீழேயே நின்றால் இரண்டைப் பாருங்கள். ரன்டைமின் ஹீப் (வொர்க்கிங்-ஸ்டோரேஜ் எடுக்கப்படும் மெமரி) ஆப்ஷன் எனிவேர் என்று இருக்கிறதா? கம்பைல் நோரென்ட் ஆக இருக்கிறதா? நோரென்ட் என்றால் வொர்க்கிங்-ஸ்டோரேஜ் லோட் மாட்யூலுக்குள்ளேயே இருக்கும். டேட்டா ஆப்ஷனுக்கு அங்கே வேலையில்லை, ஆர்மோட் சொல்லும் இடத்தில்தான் இருக்கும். ஐஎஸ்பிஎஃப்-இல் லோட் லைப்ரரியின் மெம்பர் லிஸ்டைத் திறந்தால் ஏஎம், ஆர்எம் பத்திகளில் இரண்டு மோடும் தெரியும்.

டெஸ்டில் ஒருமுறை ரன்டைம் ஆப்ஷன்களைக் கொடுக்கும் சிஇஇஆப்ட்ஸ் டிடி வழியாக ஆர்பிடிஎஸ்டிஜி(ஆன்) கொடுத்து ஓட்டினால் ஹீப், ஸ்டேக் அளவுகள் அச்சாகும். ஓட்டம் மெதுவாகும் என்பதால் ப்ரொடக்ஷனுக்கு முன் எடுத்துவிடுங்கள்.