நாலு நாள் காளானும் நாதியற்ற மரமும்

கேள்வி: காட்டுக் காளான் நாலே நாளில் அழுகிவிடுகிறது. மரம் ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. ஆனால் அழிகிற பட்டியல் என்றால் நீங்கள் மரத்தைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். காளான் மேல் அப்படி என்ன கோபம்?

பதில்: கோபமெல்லாம் இல்லை. காளான்களிலும் அழிந்துகொண்டிருப்பவை உண்டு. ஆனால் நாலு நாளில் அழுகுவது அதன் காய் மாதிரி. உடம்பு மண்ணுக்குள் இருக்கிறது. காய் உதிர்ந்ததும் மரம் செத்துப்போச்சு என்போமா?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மல்ஹூர் காட்டில் ஒரு தேன்காளான் இருக்கிறது. பரப்பு சுமார் 965 ஹெக்டேர். அத்தனையும் ஒரே உயிர். நானும் முதலில் நம்பவில்லை. ஆய்வாளர்கள் செத்த மரங்களின் வேரிலிருந்து காளான் துண்டுகளை எடுத்து, தட்டில் இரண்டிரண்டாக வளர்த்துப் பார்த்தார்கள். ஒரே உடம்பின் துண்டுகள் என்றால் ஒட்டிக்கொள்ளும். வேறு வேறு என்றால் நடுவில் கோடு கிழித்துக்கொள்ளும். டி.என்.ஏ.வையும் ஒப்பிட்டார்கள். இந்தக் காளான் பிடித்த மரத்தின் பட்டையை உரித்தால் ஷூ லேஸ் போலக் கறுப்பு இழைகள் ஓடும். அதை வைத்துத்தான் மரம் விட்டு மரம் தாவுகிறது. வயது 2,000 ஆண்டுக்கு மேல் இருக்கலாம் என்று ஒரு கணக்கு.

சரி, மரத்துக்கு வருவோம். பிராங்க்ளினியா. தேயிலைக் குடும்பம். ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தக் கொத்து. இலை சிவக்கும் காலத்திலும் பூத்துக்கொண்டிருக்கும், அந்த அழகே தனி. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அல்டமஹா ஆற்றோரம் 1765இல் தாவர ஆய்வாளர் ஜான் பார்ட்ராமும் மகன் வில்லியமும் இதைக் கண்டார்கள். பிறகு வில்லியம் திரும்பப் போய் விதை கொண்டுவந்தார். தந்தையின் நண்பர் பெஞ்சமின் பிராங்க்ளின் பெயரையே மரத்துக்கு வைத்தார்கள். 1803க்குப் பிறகு காட்டில் அதைப் பார்த்ததாக நம்பகமான தகவல் இல்லை. இன்று தோட்டங்களில் நிற்பவை பார்ட்ராம் குடும்பம் சேகரித்ததன் வாரிசுகள் என்கிறார்கள்.

காய் முற்றவே ஒரு வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும் மரம் அது. காளான் கோடிக்கணக்கில் வித்துகளைக் காற்றில் விடுகிறது, போதாததற்கு மண்ணுக்குள்ளும் ஊர்கிறது. இப்போது சொல்லுங்கள், நான் யாருக்காகக் கவலைப்படுவது?

அப்புறம் ஒன்று. பிராங்க்ளினியாவுக்கு வேரழுகல் என்றால் ஆகவே ஆகாது. பெரும்பாலும் அதைக் கொல்வது ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிர். பார்க்கப் பூஞ்சை போலவே இருக்கும், ஆனால் பூஞ்சை இனமே இல்லை. அந்தப் பழியையும் காளான் தலையில் போட்டுவிடாதீர்கள்.