பழசு கொடுக்கலாமா, வாங்கலாமா? தையற்கடை அக்கா பதில்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நெடுங்காலம் தையற்கடை வைத்திருந்த அக்கா, இப்போது அதே ஊரில், தானமாக வரும் பழசை விற்றுத் தொண்டுக்குக் காசு சேர்க்கும் ஒரு சேரிட்டி கடையில் வந்து குவியும் துணிகளைப் பிரித்துக் கொடுக்கிறார். இந்த இதழில் வாசகர் கேள்விகளுக்கு அவர் பதில்.

கேள்வி: அக்கா, அம்மா தவறி நாலு மாதம் ஆகிறது. அலமாரி நிறையச் சேலை. செத்தவர் துணியைக் கடைக்குக் கொடுக்கக் கூடாது, ஆற்றில் விட்டுவிடு என்கிறார் சித்தி. எனக்கு மனம் வரவில்லை. – ஒரு மகள், தோட்டத்து லயத்திலிருந்து

பதில்: தங்கச்சி, சித்தியோடு சண்டை வேண்டாம். சில குடும்பங்களில் ஒரு சேலையை ஆற்றில் விடுவது வழக்கம்தான். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் ஒன்றே ஒன்றை விடு. அலமாரி முழுவதையும் விட்டால் நைலக்ஸ் சேலையெல்லாம் பாலத்துக் காலில் போய்ச் சுற்றிக்கொள்ளும். அம்மா அதைக் கேட்டிருப்பாரா?

முதலில் பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்து வையுங்கள். அவசரப்பட்டுக் கொடுத்துவிட்டு, பிறகு கடை வாசலில் வந்து "அந்த மாம்பழக் கலர் போயிடுச்சா அக்கா?" என்று நிற்கிறவர்கள் உண்டு. போயிருக்கும், நல்ல சேலை எங்களிடம் தங்காது.

மிச்சத்தைக் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் உதறி, முந்தானை முனையைத் தடவிப் பார். நம் அம்மாக்களுக்கு அதுதானே பேங்க். நோட்டு இருக்கும், கம்மல் திருகாணி இருக்கும். ரவிக்கையின் உள்பையில் அடகுச் சீட்டுகூட இருக்கும். சீட்டு கிடைத்தால் உடனே தேதியைப் பார். அடகை மீட்கப் பொதுவாக ஆறு மாதம்தான் தவணை, உனக்கு இன்னும் நாள் இருக்கலாம்.

பட்டுச் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார். வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு அந்தக் கோட்டிலேயே பிளந்திருக்கும். அதை உடுத்த முடியாது, ஆனால் கரையை வெட்டிப் பிள்ளைகளுக்குப் பாவாடை தைக்க வாங்குகிறார்கள். ஆகவே "கிழிசல்" என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்தே கொடு. பூச்சி உருண்டை வாடை போகப் பட்டை நிழலில் காயப் போடு. வாஷிங் மெஷினில் மட்டும் போட்டுவிடாதே. ரவிக்கைகள் விற்காது. ஒருவர் அளவுக்கு வெட்டியது இன்னொருவருக்கு எப்படிப் பொருந்தும்? உள்ளே தையலுக்கு நிறையத் துணி விட்டிருந்தால் மட்டும் கொண்டு வா, பிரித்துத் தைக்கலாம்.

கேள்வி: வீடு மாறும்போது ஐந்தாறு மூட்டை கொண்டுபோனேன். பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தர்மமாகக் கொடுப்பதில் குறை பார்க்கலாமா? – கோபத்தில் ஒரு தம்பி

பதில்: பார்க்கத்தான் வேண்டும் தம்பி. விற்காத சாமானை லோரி வைத்துக் குப்பைக்கு அனுப்பக் கடைதான் காசு கட்டுகிறது. நாலு மூட்டை குப்பை வந்தால், விற்ற நல்ல சட்டையின் காசு அதற்கே போய்விடும்.

மூட்டையில் என்ன இருந்தது என்று நீ எழுதவில்லை, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ரப்பர் பால் கறை, செம்பனைக் கறை பட்டது போகவே போகாது. பருத்தியாக இருந்தால் வெட்டி மோட்டார் பட்டறைக்குக் கொடு, எண்ணெய் துடைக்க அவர்களுக்கு வேண்டும். மெத்தை வாங்க மாட்டோம், மூட்டைப்பூச்சி பயம். ஹெல்மெட் வாங்க மாட்டோம். கீழே விழுந்து அடிபட்டதா என்று வெளியிலிருந்து தெரியாது. குழந்தைக்கான கார் இருக்கையும் அப்படியே. 2020 ஜனவரி முதல் அது கட்டாயம் ஆனதால் பழசைத் தேடி வருகிறார்கள். விபத்தில் சிக்காதது என்று நீயே அறிந்த இருக்கையானால் தங்கை, மச்சான் வீட்டுக்கு நேரே கொடுத்துவிடு.

பிள்ளைகளின் பாடநூலும் மூட்டையில் வருகிறது, அதுதான் எனக்கு எரிச்சல். 1975-இல் தொடங்கிய இரவல் திட்டத்துப் புத்தகம் அது. 2008-லிருந்து அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகள் எல்லாருக்கும் கிடைக்கிறது. உள் அட்டையில் முத்திரை இருக்கும். பள்ளியின் சொத்தை நீ எப்படித் தர்மம் செய்வாய்?

எது விற்றுப் போகும் என்று கேள். முழுக்கைச் சட்டை. காலர் நைந்திருந்தாலும் பரவாயில்லை. வெயிலுக்கும் முள்ளுக்கும் கொசுவுக்கும் செம்பனைப் பழம் வெட்டுகிறவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள், நம் ஆட்களும் சரி, வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிகளும் சரி. அடுத்தது பள்ளிச் சீருடை. ஆரம்பப்பள்ளியின் நீலப் பினஃபோர், இடைநிலைப்பள்ளிப் பையன்களின் பச்சைக் கால்சட்டை இரண்டும் பள்ளி திறக்குமுன் ஹேங்கரில் நிற்காது. பெயர்ப்பட்டையை மட்டும் பிரித்துவிட்டுக் கொடு.

கேள்வி: தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குச் சேரிட்டி கடையில் எடுக்கலாம் என்றேன். மாமியார் முகம் சுருங்கிவிட்டது. – சம்பளம் பத்தாத மருமகள்

பதில்: துவைத்து, இஸ்திரி போட்டு, ஓரத்தில் மஞ்சள் தடவி சாமி முன் வை. பிள்ளை அதைப் போடுவது முதல் தடவைதானே? மாமியாருக்கு மட்டும் கைலியோ சேலையோ புதிதாக ஒன்று எடுத்துவிடு, முகம் தானாக மலரும்.

கேள்வி: பண்டல் கடையும் சேரிட்டி கடையும் ஒன்றா? சாலையோரத்தில் வைத்திருக்கும் இரும்புப் பெட்டியில் போடலாமா? கொடுத்ததற்கு வருமான வரியில் கழிவு உண்டா?

பதில்: ஒன்றில்லை. பண்டல் கடை வியாபாரம். ஜப்பானிலிருந்தும் கொரியாவிலிருந்தும் கட்டுக்கட்டாக வரும் துணியைப் பிரிக்காமலே விலை பேசி வாங்கி விற்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை, நானே அங்கே ஜீன்ஸ் பொறுக்கியிருக்கிறேன். ஆனால் அந்தக் காசு முதலாளிக்கு. இரட்சணிய சேனை போன்றவை நடத்தும் கடையில் நீங்கள் கொடுக்கும் காசு தொண்டுக்குப் போகிறது. அங்கே வாங்குகிறவரும் கொடையாளிதான், சட்டையை மூக்கைப் பொத்திக்கொண்டு எடுக்க வேண்டியதில்லை. துணி அல்லாத பழைய தாள், போத்தல், டின் என்றால் சூ ச்சி என்ற பௌத்தத் தொண்டு அமைப்பின் தொண்டர்களின் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொடுக்கலாம்.

சாலையோரப் பெட்டியில் அமைப்பின் பெயரும் பதிவு எண்ணும் தொலைபேசியும் இருக்கிறதா பாருங்கள். போன் போட்டு, யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். எடுக்காவிட்டால் போடாதீர்கள். வீட்டுக்கு வந்து வசூலிப்பவரிடம் அனுமதிச் சீட்டைக் கேளுங்கள். 1947ஆம் ஆண்டுச் சட்டப்படி அது வேண்டும்.

வரிக் கழிவை மறந்துவிடுங்கள். வருமான வரி வாரியம் அங்கீகரித்த அமைப்புக்குப் பணமாகக் கொடுத்து, ரசீது வாங்கினால்தான் அது. அதற்கும் வருமானத்தில் 10 விழுக்காடு என்ற வரம்பு உண்டு. சட்டைக்கும் சேலைக்கும் இல்லை.

கேள்வி: ஐந்து வெள்ளிக்கு வாங்கி, போனில் படம் போட்டு முப்பதுக்கு விற்கிறேன். கடையில் ஒரு ஆன்ட்டி முறைக்கிறார். தப்பா? – இளவட்டம்

பதில்: அந்த ஆன்ட்டி நானாகக்கூட இருக்கலாம். விற்றுக்கொள். ஆனால் ஐந்து வெள்ளியிலும் பேரம் பேசாதே. முழுக்கைச் சட்டையையும் சீருடையையும் அள்ளிக்கொண்டு போகாதே. பிராண்டு ஜாக்கெட், பழைய கேமரா, பீங்கான் சாமான் எல்லாம் உனக்கே. அதை எப்படியும் இந்த ஊரில் யாரும் எடுப்பதில்லை.