முதலில் சேஸ், அப்புறம்தான் இன்ஜின்: பழைய பிக்கப் வண்டி கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே வயதான வண்டிகளைப் பற்றியவை. நான் சொல்லும் தொகைகள் தனியார் பட்டறையில் கூலியும் சேர்த்து ஆகும் தோராயக் கணக்கு. கடைக்குக் கடை கொஞ்சம் ஏறி இறங்கும்.

அண்ணா, காசிமேட்டுல மீன் ஏத்துற பொலேரோ பிக்கப், 2013 மாடல். பாடி தரை ஓட்டையாயிடுச்சு. மேல தகடு வெச்சு வெல்டிங் பண்ணிட்டா போதுமா?
– காசிமேடு

தகடு வைப்பது கடைசி வேலை. ஐஸ் உருகி வடியும் தண்ணீரில் உப்பு இருக்கிறது. அது தரையைத் தின்றுவிட்டு நேராக சேஸ் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) மேல் இறங்கும். பாடியைப் பிடித்திருக்கும் யு போல்ட்டுகளைக் கழற்றி, பாடியைத் தூக்கிப் பாருங்கள். சேஸுக்கும் பாடிக்கும் நடுவில் மரக்கட்டை வைத்திருந்தால் அது உப்புத் தண்ணீரில் ஊறிப்போய் இருக்கும். அதன் அடியில் இரும்பு அடுக்கு அடுக்காக உரிந்து வரும்.

சின்னச் சுத்தியலை எடுத்து சேஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. ‘பொத்’தென்று அடங்கினால் உள்ளே அரித்துவிட்டது. பின்பக்கப் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்கை) தாங்கும் பிராக்கெட் பக்கத்தில் அந்தச் சத்தம் வந்தால் ஒட்டுப் போட்டு ஓட்டவே கூடாது. லோடு மொத்தமும் நிற்பது அந்த இடத்தில்தான்.

பிரேக் பைப்பையும் கிளிப் போட்ட இடங்களில் விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரவென்று இருந்தால் தரையை விட அதுதான் அவசரம். பைப் முழுக்க மாற்ற 3,000 முதல் 5,000 ரூபாய். பாடியை இறக்கி, துரு சுரண்டி, பிரைமர் அடித்து, தரையை மாற்ற 25,000 முதல் 40,000 வரை ஆகும். வெல்டிங் ராடு வைக்கும் முன் பேட்டரி நெகட்டிவ்வையும் ஈ.சி.எம். (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) சாக்கெட்டையும் கழற்றச் சொல்லுங்கள். பட்டறையில் அவசரத்தில் விட்டுவிடுவார்கள், ஈ.சி.எம். போனால் செலவு அதோடு நிற்காது.

தினம் மீன் இறக்கிய பிறகு அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கழிவு ஆயிலை அடிக்கும் பழக்கத்தை விடுங்கள். ரப்பர் புஷ் ஊதிப்போகும், பிரேக் லைனிங்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

மணலி ரோட்டுல கன்டெய்னர் வரிசையில மாட்டிக்கிட்டா டெம்பரேச்சர் முள்ளு மேல போகுது. வண்டி ஓடினா இறங்கிடுது. ஹெட் கேஸ்கட் போச்சு, 18,000 ஆகும்னு சொல்றாங்க.
– எண்ணூர்

ஹெட்டை இப்போது தொட வேண்டாம். நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்றால் ரேடியேட்டருக்குக் காற்று போதவில்லை என்று அர்த்தம். ஃபேன், ஃபேன் கிளட்ச், பெல்ட், ரேடியேட்டர் முன்னால் அடைத்திருக்கும் தூசி இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். லோடோடு ஓடும்போது சூடு ஏறினால்தான் ரேடியேட்டர் உள் அடைப்பு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் என்று போகணும்.

கேஸ்கட்டை வீட்டு வாசலிலேயே சோதிக்கலாம். காலையில் இன்ஜின் சில்லென்று இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் கேஸ்கட் சந்தேகம் சரி. இல்லாவிட்டால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய 2,000 ரூபாய்க்குள்தான் ஆகும். சூடான வண்டியில் மூடியில் கை வைக்காதீர்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொன்னால் கேட்காதீர்கள். போர் தண்ணீரும் ஊற்றாதீர்கள். மீஞ்சூர் வரைக்கும் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது, அந்த உப்பு ரேடியேட்டருக்குள் படியும். கூலண்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி போதும்.

குட்டியானையில தண்ணி கேன் போடறேன். ஒரு நடைக்கு 60 கேன். கிளட்ச் நிக்கவே மாட்டேங்குது, பட்டையும் உடையுது.
– கொடுங்கையூர்

20 லிட்டர் கேன் ஒன்று, கேன் எடையும் சேர்த்து 20 கிலோவுக்கு மேல். 60 கேன் என்றால் ஒன்றேகால் டன். ஆரம்பகாலக் குட்டியானைக்கு 702 சிசி, இரண்டு சிலிண்டர், முக்கால் டன் தாங்கும் உடம்பு. தம்பி, இதில் கிளட்ச் மேல் குற்றமே இல்லை. கிளட்ச் செட் மாற்ற 5,000 ரூபாய் ஆகிறது என்றால், அந்தக் காசில் இரண்டாவது நடைக்கு எத்தனை நாள் டீசல் போடலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 கேனோடு நிறுத்துங்கள். கூடுதல் பட்டை சேர்த்துக் கட்டினால் பட்டை உடையாது, ஆனால் ஆக்சிலும் பிரேக்கும் அதே பழையதுதான்.

போன மழையில வியாசர்பாடி பக்கம் தண்ணியில வண்டி நின்னுடுச்சு. திரும்ப அப்படி ஆனா என்ன செய்யணும்?
– வியாசர்பாடி

செல்ஃப் அடிக்கவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். 2,000 ரூபாயில் முடிய வேண்டியது 80,000 ரூபாய் இன்ஜின் வேலையாகிவிடும். தள்ளி மேட்டில் ஏற்றி, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். நனைந்திருந்தால் டீசல் தெளிக்கும் நாசிலையோ ஹீட்டர் பிளக்கையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றிவிட்டுத்தான் சுற்ற வேண்டும். பால் டீ நிறத்தில் ஆயில் இருந்தால் உடனே மாற்றுங்கள். எல்லோரும் மறப்பது கியர் பாக்ஸ் ஆயில், பின் ஆக்சில் கிரவுன் ஆயில், நாலு ஹப் கிரீஸ். மூன்று மாதம் கழித்து பேரிங் கத்தும்போதுதான் ஞாபகம் வரும்.

வண்டி கரும்புகை விடுது. டீசல் பம்ப் வேலைன்னு சொல்றாங்க.
– மாதவரம்

முதலில் புது ஏர் ஃபில்டர் போடுங்கள், சில நூறு ரூபாய்தான். உங்கள் பக்கத்துத் தூசிக்கு அது சீக்கிரம் அடைக்கும். டர்போ ஹோஸில் வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால்தான் பம்ப், நாசில்.

ஆயில் ஊத்துற மூடியைத் திறந்தா புஸ்ஸுன்னு புகை வருது. ஆயிலும் குறையுது. இன்ஜின் வேலை 85,000. வித்துடவா?
– திருவொற்றியூர்

கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தார்களா? அதற்கு ஆயிரம் ரூபாய் கூட ஆகாது. எடுக்காமல் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். டர்போ போனாலும் ஆயில் குறையும், பேக் கம்ப்ரஷன் (பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசியும் புகை) மாதிரியே தோன்றும். டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் டர்போவையும் சோதிக்கச் சொல்லுங்கள். அதை ரீகண்டிஷன் பண்ண 10,000 ரூபாய் போல ஆகும்.

நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் இறங்கியிருந்தால் இன்ஜின் வேலை உண்மைதான். அப்போதும் முதலில் சேஸைத் தட்டிப் பாருங்கள். சேஸ் நன்றாக இருந்தால் நான் இன்ஜின் வேலை செய்வேன். அதை விற்றுவிட்டு இரண்டரை லட்சத்துக்கு வாங்கும் இன்னொரு பழைய வண்டியின் இன்ஜினைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது. சேஸ் போயிருந்தால் ஒரு ரூபாய் கூடப் போடாதீர்கள். புதுப்பேட்டையில் பழைய இன்ஜின் வாங்கி மாட்டுவதாக இருந்தால் பில்லோடு வாங்கி, ஆர்.டி.ஓ.வில் இன்ஜின் நம்பரை ஆர்.சி.யில் மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்று சோதனையில்) மாட்டுவீர்கள், இன்ஷூரன்ஸிலும் சிக்கல்.

பழைய அசோக் லேலண்ட் தோஸ்த் வண்டி ஒண்ணு பார்த்திருக்கேன். எதை செக் பண்ணணும்?
– தண்டையார்பேட்டை

காலையில் போங்கள், போனவுடன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். அடியில் புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தால் அங்கேதான் சுத்தியல் தட்ட வேண்டும். 8 வயது தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும், அதனால் தேதியைப் பார்த்து விலையைக் குறையுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 கையெழுத்தோடு வேண்டும். ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் முடிந்ததைக் காட்டும் படிவம் 35-உம் என்.ஓ.சி.யும் கைக்கு வரும்வரை முழுத் தொகையைக் கொடுக்காதீர்கள்.