கேள்வி நேரம்: லொகேஷனை அணைத்தால் போதுமா?

கேள்வி: போனில் லொகேஷனை அணைத்தே வைத்திருக்கிறேன். ஆனாலும் எங்கள் ஊர்க் கடை விளம்பரங்களே வருகின்றனவே?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: ஜிபிஎஸ் ஒன்றுதான் வழி என்பதில்லை. இணைய இணைப்புக்குத் தரப்படும் எண்ணான ஐபி முகவரியே ஏறக்குறைய எந்த ஊர் என்று காட்டிக்கொடுத்துவிடும். இதை அமைப்புகளில் அணைக்க முடியாது. விபிஎன் (வேறொரு சர்வர் வழியாக இணையத்தில் இணைக்கும் சேவை) போட்டால்தான் மறையும்.

கூகுள் கணக்கில், போன இடங்களைக் குறித்துவைக்கும் டைம்லைனை நிறுத்தினாலும், தேடல்களையும் செயலிப் பயன்பாட்டையும் சேமிக்கும் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' ஓடிக்கொண்டிருந்தால் தேடும்போது நீங்கள் இருந்த இடமும் பதிவாகலாம். இந்தக் குழப்பத்துக்காகத்தான் 2022இல் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்கு 39.15 கோடி டாலர் தந்து கூகுள் வழக்கை முடித்துக்கொண்டது. கணக்கில் 'டேட்டா அண்ட் பிரைவசி' பகுதிக்குப் போய் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யை நிறுத்துங்கள்; பழைய பதிவுகளைத் தனியாக அழிக்க வேண்டும், நிறுத்தினால் மட்டும் போகாது.

லொகேஷனை அடியோடு அணைப்பதைவிட, செயலிவாரியாக அனுமதியைக் குறைப்பதே என் யோசனை. வரைபடத்துக்கும் டாக்சிக்கும் 'பயன்படுத்தும்போது மட்டும்'. வானிலைச் செயலிக்குத் துல்லிய இடம் எதற்கு? ஆண்ட்ராய்டு 12 முதல் அதை மட்டும் தனியே அணைக்கலாம். டார்ச் செயலி இடம் கேட்டால், யோசிக்காமல் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தில் வீட்டு முகவரி தெரியுமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: சாதாரணமாக அனுப்பினால், படம் எடுத்த இடத்தைக் காட்டும் இடக்குறிப்பு நீங்கிவிடும். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். கேமரா அமைப்பில் 'லொகேஷன் டேக்' அணைத்துவிடுங்கள்.