யார் ஜெயித்தாலும் டவருக்குக் கருவி விற்பவருக்கு லாபம்தானா?

கேள்வி: போனஸாக வந்த 2 லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. 5ஜி பரவிவிட்டது, 6ஜி வரப்போகிறது என்கிறார்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டில் எது ஜெயித்தாலும் நெட்வொர்க் கருவி விற்கும் கம்பெனிக்கு லாபம்தானே? தேஜஸ் நெட்வொர்க்ஸ் பங்கு 2024 உச்சத்திலிருந்து பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறது. மொத்தப் பணத்தையும் போடலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: மொத்தமும் வேண்டாம். காரணத்தை உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பார்க்கலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களைக் கேளுங்கள். ஒரு தோட்டத்தில் போர் போட்டுத் தண்ணீரும் வந்துவிட்டால், அந்தத் தோட்டத்துக்காரர் மறுபடி கூப்பிடப் பல வருஷம் ஆகும். அவர்களாவது வண்டியை அடுத்த மாநிலத்துக்கு ஓட்டிவிடுவார்கள். இந்தியாவில் டெலிகாம் கருவி விற்பவருக்கு ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா, பிஎஸ்என்எல் என்று நாலே தோட்டம்தான்.

நீங்கள் சொன்ன தேஜஸையே எடுத்துக்கொள்வோம். டாடா குழுமத்தின் கையில் இருக்கும் பெங்களூரு கம்பெனி. 2023 ஆகஸ்ட்டில், பிஎஸ்என்எல் 4ஜி வேலைக்காக, அந்த வேலையை எடுத்திருந்த டாடா குழுமத்தின் டிசிஎஸ்ஸிடமிருந்து 7,492 கோடி ரூபாய்க்கு ஆர்டர் வாங்கியது. 2023-24-ல் சுமார் 2,470 கோடியாக இருந்த வருமானம் அடுத்த நிதியாண்டில் 8,900 கோடியைத் தாண்டியது, லாபம் ஏறக்குறைய 447 கோடி. கருவிகள் டவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. பிறகு 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் வருமானம் வெறும் 202 கோடி. முந்தைய ஆண்டு அதே காலாண்டில் அது 1,563 கோடி! நஷ்டம் 190 கோடிக்கு மேல். ஆண்டு லாபத்தை வைத்து பி.இ. விகிதம் (பங்கின் விலை, ஒரு பங்குக்கான லாபத்தைப் போல எத்தனை மடங்கு என்ற கணக்கு) போட்டுப் பார்த்தவருக்குப் பங்கு நியாயமான விலையில் கிடைப்பதுபோலத்தான் தெரிந்திருக்கும். இப்படி அலை அலையாக வரும் தொழிலில் பி.இ. அழகாகத் தெரிவதே பெரும்பாலும் அலையின் உச்சியில்தான்.

பெரிய கம்பெனிகளும் இதற்குத் தப்பவில்லை. 2022 அக்டோபரில் இங்கே 5ஜி தொடங்கியதும், இப்போது நெட்வொர்க் கருவி விற்கும் நோக்கியாவின் இந்திய விற்பனை 2023-ல் இரண்டு மடங்குக்கு மேல் எகிறியது. 2024-ல் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இதற்கிடையே ஜியோ, நெட்வொர்க்கின் மூளையான 5ஜி கோர் மென்பொருளைத் தானே உருவாக்கிக்கொண்டது. தோட்டத்துக்காரரே சொந்தமாக ரிக் வாங்கிவிட்ட மாதிரி.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2024 ஜூலையில் தனியார் ஆப்பரேட்டர்கள் ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்தினார்கள். நீங்கள் கூடுதலாகக் கட்டிய பணம் ஆப்பரேட்டர் கல்லாவுக்குப் போனது, ரேடியோ கருவி விற்றவருக்கு அதில் பங்கில்லை. ஆகவே 'டேட்டா பயன்பாடு பெருகுகிறது' என்பதை மட்டும் வைத்து வாங்குவதானால், கருவிக் கம்பெனியைவிட ஆப்பரேட்டர் பங்குதான் அந்தக் கணக்குக்குப் பொருந்தும்.

கருவிக் கம்பெனிதான் வேண்டும் என்றால், ஆர்டர் கிடைத்த செய்தியை ஓரமாக வைத்துவிட்டு ஆண்டறிக்கையில் 'வரவேண்டிய பாக்கி' என்ற வரியைத் தேடுங்கள். 1,000 கோடிக்கு விற்ற கம்பெனிக்கு 500 கோடி பாக்கி நின்றால், விற்ற சரக்குக்குப் பணம் வர சராசரியாக ஆறு மாதம் ஆகிறது என்று பொருள். அதுவரை சம்பளம் கொடுக்கவும் சிப் வாங்கவும் கம்பெனி கடன்தான் வாங்கும், வட்டி லாபத்தைத் தின்னும். அரசு சார்ந்த ஆர்டர்களில் இது இன்னும் இழுக்கும். கூடவே சரக்கு இருப்பையும், தொழில் நடத்தி வந்த ரொக்கத்தையும் மூன்று ஆண்டுகளுக்குப் பாருங்கள். லாபம் ஏறியும் ரொக்கம் மைனஸிலேயே கிடந்தால் நான் கிட்டே போகமாட்டேன்.

எச்எஃப்சிஎல், ஸ்டெர்லைட் டெக் போன்ற ஃபைபர் கம்பெனிகள் வேறு ரகம். கிராமங்களுக்கு இணையம் கொண்டுபோகும் அரசின் பாரத்நெட் திட்ட வேலையும் ஏற்றுமதியும் அவற்றைத் தூக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளர்களிடம் கேபிள் தேங்கினால் அதே வேகத்தில் இறக்கும்.

6ஜி வணிக ரீதியாக வர 2030 வாக்கில் ஆகும். அதற்காக இன்றே அவசரப்பட ஒன்றுமில்லை. ஆறு மாதச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறது என்றால், 2 லட்சத்தில் 30,000 ரூபாயை மட்டும் இந்தத் துறைக்கு ஒதுக்கி, மீதியை நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் (50 பெரிய கம்பெனிகளில் பரவலாகப் போடும் ஃபண்ட்) போடுங்கள். அந்த முப்பதையும் ஒரே நாளில் போடாமல் மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு காலாண்டு முடிவும் வந்த பிறகு பத்துப் பத்தாயிரமாகப் போடலாம். பிஎஸ்என்எல் தவிர வேறு வாடிக்கையாளரிடமிருந்து எவ்வளவு வந்தது என்று நிர்வாகம் அப்போது சொல்லும். அந்த எண் ஏறாவிட்டால் அடுத்த பத்தாயிரத்தை நிறுத்திவிடுங்கள்.