இன்சுலினைக் குளிசையாகத் தர முடியுமா?

கேள்வி: தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அம்மா, நீரிழிவுக்காகத் தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். அமிலத்தன்மைக்கேற்ப ஊதும் ஐதரோஜெல்லில் இன்சுலினை வைத்து வாய்வழியாகக் கொடுக்கலாம் என்று வாசித்தேன். அந்த ஜெல் குடலை எப்படி அறிகிறது? ஊசியை விட்டுவிடலாமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: ஊசியை நிறுத்தவே வேண்டாம். நீங்கள் வாசித்த ஆய்வு உண்மையானது. ஆனால் அத்தகைய குளிசை இன்னும் வழக்கமான சிகிச்சையாகவில்லை.

ஐதரோஜெல் என்பது நீரை உறிஞ்சி ஊதினாலும் கரைந்துவிடாத பல்பகுதிய வலை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் பிணைந்த வலை. இன்சுலினுக்காக ஆராயப்படும் ஜெல்களில், பொலிமெதக்கிரிலிக் அமிலம் போன்றவற்றின் சங்கிலிகளில் ஐதரசனை விட்டுக்கொடுக்கக்கூடிய காபொட்சிலிக் கூட்டங்கள் என்னும் அமிலப் பகுதிகள் நிறைந்திருக்கும். பி.எச். (அமிலத்தன்மையின் அளவுகோல்; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 1 முதல் 3 வரையுள்ள வெறும் வயிற்றில் இக்கூட்டங்கள் தமது ஐதரசனை விடாமல் பிடித்திருப்பதால், சங்கிலிகள் நெருங்கி வலைக்கண்கள் இறுகுகின்றன. உள்ளேயுள்ள இன்சுலினை, வயிற்றில் புரதத்தைச் செரிக்கும் நொதியமான பெப்சின் எளிதில் அணுகிச் சிதைக்க முடிவதில்லை. பி.எச். 6ஐத் தாண்டும் சிறுகுடலிலோ ஐதரசன் அயன்கள் பிரிந்து, சங்கிலியெங்கும் மறை ஏற்றம் உண்டாகிறது. ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ள, அவற்றைச் சமன்செய்யும் அயன்களோடு நீரும் உட்புகுந்து, ஜெல் ஊதி, மருந்து படிப்படியாக வெளியேறுகிறது. இறால் ஓட்டிலிருந்து பெறப்படும் கைற்றோசான் இதற்கு நேர்மாறாக அமிலத்திலேயே ஊதும்.

ஆகவே ஜெல் குடலை அறிவதில்லை. அமிலத்தின் அளவுக்கு மட்டுமே இசைகிறது. உணவு உண்டதும் வயிற்றின் பி.எச். உயரும், வயிற்றமிலத்தைக் குறைக்கும் ஒமிப்பிரசோல் மருந்தை எடுப்பவருக்கும் உயரும். அப்போது மருந்து முன்கூட்டியே வெளியாகலாம். குடலை அடைந்தாலும் அங்கே டிரிப்சின் என்னும் செரிமான நொதியம் இன்சுலினைச் சிதைக்கிறது. 51 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தப் பெரிய மூலக்கூறு குடற்சுவரைக் கடப்பதும் அரிது. இரத்தத்தில் சேரும் அளவு நாளுக்கு நாள் மாறினால், சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கவோ ஏறவோ கூடும். என் பார்வையில் பெரிய தடை இதுவே. மாதாந்தக் கிளினிக்குக்காக மலையிறங்கி வரும் நம் தாய்மாருக்கு ஊசியற்ற இன்சுலின் எவ்வளவு பெரிய ஆறுதலாயிருக்கும் என்பதை நான் நன்கறிவேன். எனினும் இத்தடைகள் நீங்கும்வரை ஊசியே பாதுகாப்பானது.

இதே வேதியியல் ஏற்கனவே பல வீடுகளில் பயன்படுகிறது. மூட்டுவலிக்கான சில டைக்குளோபினாக் குளிசைகளின் மேற்பூச்சும் வயிற்றில் கரையாமல் குடலில் கரைவதுதான்; ஆனால் அது ஊதுவதில்லை, முழுதாகக் கரைந்துவிடும். அம்மா அத்தகைய குளிசை எடுப்பவராயின், அதை உடைத்தோ பொடித்தோ கொடுக்காதீர்கள். விழுங்கச் சிரமப்பட்டால், வேறு வடிவில் தர முடியுமா என்று கிளினிக்கிலோ பாமசியிலோ கேளுங்கள்.