தம்பியோட புக்கையே படிக்குறா, விடலாமா?

கேள்வி: அக்கா, நாங்க சேலம் அம்மாபேட்டை. பொண்ணு நாலாவது, இங்கிலீஷ் மீடியம். அவ சித்தப்பா தடியா ஒரு தமிழ் கதை புக் வாங்கித் தந்தாரு, அட்டையில 9 வயசுக்கு மேலன்னுதான் போட்டிருக்கு, ஆனா ரெண்டே பக்கத்துல மூடிட்டா. ஒண்ணாவது படிக்குற தம்பியோட படக்கதை புக்கையே திரும்பத் திரும்ப எடுக்குறா. தடுக்கணுமா?
- ஒரு வாசகி

பதில்: தாராளமா விடுங்க தங்கச்சி. அட்டையில போட்டிருக்க வயசு கிஃப்ட் வாங்குறவங்களுக்குத்தான் உதவும், உங்க பொண்ணு தமிழ் எவ்ளோ படிப்பான்னு அதுக்கு எப்படித் தெரியும்? இங்கிலீஷ் மீடியம் புள்ளைங்களுக்கு தமிழ் வாசிப்பு ஒண்ணு ரெண்டு கிளாஸ் பின்னாடி இருக்குறது சகஜம், மக்குன்னு மட்டும் நெனச்சுடாதீங்க.

புது புக் எடுத்தா நடுவுல ஒரு பக்கத்த சத்தமா படிக்கச் சொல்லுங்க, புரியாத வார்த்தைக்கு ஒரு விரல் மடக்கட்டும், அஞ்சும் மடங்கிட்டா அது இப்போதைக்கு வேணாம், ரெண்டு மூணுன்னா கரெக்டான புக். ஆனா இது இங்கிலீஷ் புக்குக்கு வந்த கணக்கு, நம்ம தமிழ்ல ‘பேசிக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’னு ஒரே வார்த்தை அரை லைன் ஓடும், அர்த்தம் தெரிஞ்சாலும் வாய் தடுக்கும், அதுக்கெல்லாம் விரல் மடக்க வேணாம். வீட்ல ‘வந்துட்டாங்க’ன்னு பேசுற புள்ள ‘வந்துவிட்டார்கள்’னு பாத்தா கொஞ்சம் தயங்கத்தான் செய்யும். அதனால பேச்சு நெறைய வர்ற கதையா மொதல்ல குடுங்க.

அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கத்துல புக்கெல்லாம் நுழை, நட, ஓடு, பறன்னு பிரிச்சிருக்காங்க, எந்த கிளாஸ்னு பேர்லயே இல்ல பாருங்க, எனக்கு அது ரொம்பப் பிடிச்சுது. போன்ல பாக்கணும்னா பிரதம் புக்ஸோட ஸ்டோரிவீவர்னு ஒரு கதை வெப்சைட் இருக்கு, ஃப்ரீதான், தமிழ்லயும் நெறைய இருக்கு. லெவல் 1 சுமார் 250 வார்த்தைக்குள்ள, லெவல் 2 600 வரைக்கும், லெவல் 3 1500 வரைக்கும். உங்க பொண்ணுக்கு 2ல ஆரம்பிங்க, சலிச்சுப் போனா அவளே 3க்குத் தாவிடுவா.

அந்த தடி புக்க பரண்ல போடாதீங்க, ராத்திரி நீங்க படிச்சுக் காட்டுங்க. தானா படிக்க முடியாததக்கூட புள்ளைங்க காதால கேட்டா புரிஞ்சுக்கும். தம்பிக்குப் படிச்சுக் காட்டுற வேலைய அவகிட்ட குடுத்துடுங்க, சின்ன புக் படிக்குறோமேன்னு கூச்சமும் இருக்காது. லீவு நாள்ல மாவட்ட மைய நூலகத்துக்குக் கூட்டிட்டுப் போயி அவளையே தேடி எடுக்க விடுங்க, பக்கத்துல நின்னு ‘இது பாப்பா புக்குடி’ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.